86 கோலும் 86 கோலும் ஒன்றா?

உதைபந்தாட்டம்: வாசகர் கேள்வி பதில்

ஒரு அணியின் இரண்டு பருவகாலக் கோல் கணக்குகளை அருகருகே எழுதிவிட்டால் மட்டும் அது ஒப்பீடு ஆகிவிடாது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கொழும்பின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றில் கோபமும் இருக்கிறது. ஆகவே இம்முறை கிரிக்கெட் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அந்த வரிக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் பல வருடங்களாக லிவர்பூல் அணியின் இரசிகர்கள். அந்த அணி 2023–24 பருவகாலத்தில் இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கில் 86 கோல்கள் அடித்து மூன்றாம் இடத்தைப் பெற்றது. 2024–25இல் அதே 86 கோல்கள் அடித்துச் சம்பியனானது. முன்கள ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை, மற்ற அணிகள் சறுக்கியதால்தான் கிண்ணம் கிடைத்தது என்று மைத்துனர் சாதிக்கிறார். முன்கள வீரர் சலாஹ் அடித்த 29 கோல்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நான் கேட்கிறேன். யார் சொல்வது சரி? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: உங்கள் மைத்துனரின் கூட்டலில் பிழையில்லை. சீட்டில் முந்நூற்று நான்கு ஆடுகிறவர்கள் சொல்வதுபோல அவர் கையில் இன்னும் ஒரு துரும்பு இருக்கிறது. அதை அவர் இறக்கவில்லையே என்பதுதான் எனக்கு வியப்பு. லிவர்பூல் வாங்கிய கோல்களும் இரு பருவகாலங்களிலும் 41தான். அடித்தது 86, வாங்கியது 41, மறுபடியும் அடித்தது 86, வாங்கியது 41. புள்ளிகள்கூட 82இலிருந்து 84 ஆக மட்டுமே உயர்ந்தன. முதலாவது பருவகாலத்தில் மன்செஸ்டர் சிட்டி 91 புள்ளிகளும் ஆர்சனல் 89 புள்ளிகளும் பெற்றிருந்ததால் 82 மூன்றாம் இடத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. அடுத்ததில் இரண்டாமிடம் பெற்ற ஆர்சனலுக்கே 74 புள்ளிகள்தான். மற்ற அணிகள் சறுக்கின என்ற வரையில் அவர் சொல்வது உண்மை.

ஆனால் "முன்கள ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை" என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது. 86 என்பது பெட்டியின் எடை மட்டுமே; பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 2023–24இல் சலாஹ் 18, டார்வின் நுனெஸ் 11, டியோகோ ஜோட்டா 10, லூயிஸ் டியாஸ் 8, கோடி காக்போ 8 என்று ஐந்து முன்கள வீரர்களும் சேர்ந்து 55 கோல்கள் அடித்தார்கள். மிகுதி 31 கோல்கள் மத்தியகளத்தாராலும் பின்களத்தாராலும் எதிரணிகள் தம் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்ட ஓன் கோல்களாலும் வந்தவை. அடுத்த பருவகாலத்தில் சலாஹ் 29, டியாஸ் 13, காக்போ 10 என்று மூவர் உயர்ந்தார்கள். ஜோட்டா 6க்கும் நுனெஸ் 5க்கும் இறங்கினார்கள். (ஜோட்டாவின் பெயரை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. கிண்ணத்தை வென்ற சில வாரங்களிலேயே, 2025 ஜூலையில், அவர் வீதி விபத்தில் மறைந்துபோனார்.) ஐவரின் கூட்டுத்தொகை 63 ஆனது, மிகுதியாரின் பங்கு 31இலிருந்து 23 ஆகக் குறைந்தது. பயிற்றுநர் யூர்கன் க்ளொப் போய் ஆர்ன் ஸ்லொட் வந்த வருடத்தில், கோலடிக்கும் பொறுப்பு முன்களத்தை நோக்கியும், முன்களத்துக்குள் சலாஹ்வை நோக்கியும் நகர்ந்திருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. அணியின் கோல்களில் ஐந்தில் ஒன்றை அடித்தவர் மூன்றில் ஒன்றை அடிப்பவராக மாறினார்; அத்தோடு 18 கோல்களுக்கு உதவியும் செய்தார். ஒரே பருவகாலத்தில் 47 கோல்களில் நேரடிப் பங்கு என்பது பிரீமியர் லீக் சாதனையாகும்.

இங்கே உங்களையும் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. 18இலிருந்து 29 என்பது சலாஹ்வின் ஆட்டம் ஒன்றரை மடங்காகிவிட்டது என்ற பொருளைத் தராது. 2024 ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்துக்குப் போய்க் காயத்தோடு திரும்பிய அவர், அந்தப் பருவகாலத்தில் லீக்கில் 32 போட்டிகளில்தான் ஆடினார். அடுத்ததில் 38 போட்டிகளிலும் ஆடினார். போட்டிக்கு 0.56 கோல் என்பது 0.76 ஆனது. பெரிய உயர்வுதான், ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

மைத்துனருக்குச் சொல்லவேண்டிய மிக முக்கியமான விடயம் இன்னும் வரவில்லை. 2023–24 கோல் மழை பொழிந்த பருவகாலம்: 380 போட்டிகளில் 1,246 கோல்கள் விழுந்தன. 2024–25இல் 1,115. ஒரு அணிக்குரிய சராசரி முதலாவதில் 62.3, இரண்டாவதில் 55.75. அப்படியானால் முதலாவது 86 சராசரியை விட ஏறத்தாழ 24 கோல் அதிகம், இரண்டாவது 86 சராசரியை விட 30 கோல் அதிகம். எல்லார் வயலிலும் விளைந்த போகத்தில் எடுத்த மூட்டைகளையும், பலர் வயலில் குறைந்த போகத்தில் எடுத்த அதே எண்ணிக்கையான மூட்டைகளையும் எந்த விவசாயியும் ஒன்றென்று சொல்லமாட்டார். வாதத்தில் உங்களுக்கே சற்று மேலான புள்ளிகளைக் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் வென்றது சலாஹ்வை வைத்து அல்ல, இந்தச் சராசரியை வைத்து.

கேள்வி: மன்செஸ்டர் சிட்டியின் கோல்கள் 2022–23இல் 94, 2023–24இல் 96. இது முன்னேற்றம்தானே? அதற்கடுத்த பருவகாலத்தில் 72 ஆக விழுந்ததற்கு முன்கள வீரர் ஹாலண்ட் தளர்ந்துபோனதுதான் காரணம் என்று சொல்லலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: முதற்கேள்விக்கு மேலே சொன்ன அளவுகோலே போதும். 2022–23இல் லீக் முழுவதும் 1,084 கோல்கள், அணிக்குச் சராசரி 54.2, சிட்டி அதை விட ஏறத்தாழ 40 அதிகம் அடித்தது. அடுத்த பருவகாலத்தில் சராசரியே 62.3 ஆக ஏறிவிட்டதால், 96 அடித்தும் சிட்டி சராசரிக்கு மேலே 34 கோல் தூரத்தில்தான் நின்றது. எண் கூடியது, இடைவெளி குறைந்தது. அந்தப் பருவகாலத்தில் கோல்கள் பெருகியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கண்கூடான ஒன்று, கோல் கொண்டாட்டம், வீரர் மாற்றம், காயம் ஆகியவற்றில் வீணாகும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கூட்டும்படி நடுவர்களுக்குப் பணிக்கப்பட்டதாகும். குளிர்காலச் சனிக்கிழமைகளில் நம் நேரம் இரவு 8.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து தொலைக்காட்சியை நிறுத்தும்போது அந்த வருடம் மணி வழக்கத்தை விடப் பிந்தியிருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். நேரம் கூடினால் கோல் கூடும். அதை எந்தத் தனி அணியின் கெட்டித்தனத்திலும் சேர்க்கக்கூடாது.

இரண்டாவது கேள்விக்கு, ஹாலண்டை ஒரு பக்கம் எடுத்துவைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். அவர் அடித்தவை முறையே 36, 27, 22. மற்றவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அடித்தவை 58, 69, 50. இரண்டாவது பருவகாலத்திலிருந்து மூன்றாவதுக்கு அணி 24 கோல்களை இழந்தது. அதில் ஹாலண்டின் பங்கு வெறும் 5. பில் போடன் 19இலிருந்து 7 ஆனார். 11 கோல்கள் அடித்திருந்த ஜூலியன் அல்வாரெஸ் அத்லெட்டிகோ மட்ரிட்டுக்குப் போய்விட்டார். பந்தை முன்னே நகர்த்தும் ரொட்ரி 2024 செப்டெம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவகாலத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவருடைய இழப்பு கோலடித்தோர் பட்டியலில் எங்கும் தெரியாது, ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லார் எண்ணிலும் இருக்கிறது. ஹாலண்டின் எண் பெரியது என்பதால் கண் முதலில் அங்கே போகிறது. விழுந்தது அவருக்குப் பக்கத்தில் நின்ற சுவர்.

கேள்வி: ஒரு பருவகாலத்தில் 36 கோல் அடித்த ஹாலண்டை 34 அடித்த அலன் ஷியரரோடு ஒப்பிடலாமா? (மருதானை வாசகர்)

பதில்: ஒப்பிடலாம், போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகு. 1994–95 வரை பிரீமியர் லீக்கில் 22 அணிகள், ஆளுக்கு 42 போட்டிகள். 1995–96 முதல் 20 அணிகள், 38 போட்டிகள். ஷியரரின் 34 கோல்கள் 1994–95இல் 42 போட்டிகளில் வந்தவை, ஹாலண்டின் 36 கோல்கள் 35 போட்டிகளில் வந்தவை. இதில் வாதத்துக்கு இடமில்லை.

எனக்குச் சுவையாகப்படுவது ஷியரரை ஷியரரோடு ஒப்பிடுவது. அடுத்த பருவகாலத்தில் அவர் 31 கோல்கள்தான் அடித்தார். ஆனால் ஆடியது 35 போட்டிகள். போட்டிக்கு 0.81 என்பது 0.89 ஆக உயர்ந்தது. அதே வேளை அவருடைய அணியான பிளக்பேர்ண் ரோவர்ஸ் 42 போட்டிகளில் 80 கோல் அடித்துச் சம்பியனான நிலையிலிருந்து, 38 போட்டிகளில் 61 கோல் அடித்து ஏழாம் இடத்துக்கு இறங்கியது, போட்டிக்கு 1.90இலிருந்து 1.61. முன்னே நின்றவர் முன்பை விட நன்றாக ஆடினார், அணியின் தாக்குதல் முன்பை விட மோசமானது. 80இல் 34 அவருடையவை; 61இல் 31, அதாவது பாதிக்கு மேல். ஒருவருடைய பங்கு பாதியைத் தாண்டும்போது நான் அவரைப் பாராட்டுவதற்கு முன்னர் மற்றப் பத்துப் பேரையும் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுவேன்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் திரையில் "எக்ஸ்.ஜி. 1.8" என்றெல்லாம் போடுகிறார்கள். கோலே 1.8 ஆக இருக்க முடியுமா? இரு பருவகாலங்களை ஒப்பிட இது உதவுமா? (வத்தளை வாசகி)

பதில்: அது அடித்த கோல் அல்ல, கிடைத்த வாய்ப்புகளின் பெறுமதி. எதிர்பார்க்கப்படும் கோல் என்று சொல்லலாம். முன்னர் இதே இடத்திலிருந்து, இதே கோணத்தில், காலாலோ தலையாலோ எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உதைகளில் எத்தனை கோலாயின என்று பார்த்து, ஒவ்வொரு உதைக்கும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். பெனால்டி உதைக்குச் சுமார் 0.76 முதல் 0.79 வரை கொடுப்பது வழக்கம், ஏனெனில் நான்கு பெனால்டிகளில் ஏறத்தாழ மூன்று கோலாகின்றன. முப்பது யார் (சுமார் 27 மீற்றர்) தூரத்திலிருந்து அடிக்கும் உதைக்கு 0.03 கிடைத்தாலே பெரிய காரியம். ஓர் ஆட்டத்தின் உதைகளுக்குக் கிடைத்த எண்களையெல்லாம் கூட்டினால் உங்கள் திரையில் தெரியும் 1.8 வருகிறது.

பருவகால ஒப்பீட்டுக்கு இது நிச்சயமாக உதவும். உயர்மட்ட லீக்குகளில் பத்து உதைகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் கோல் விழுகிறது. இத்தனை அரிதான ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், கம்பத்தில் பட்டு உள்ளே போன பந்தும் வெளியே போன பந்தும் ஓர் அணியின் வருடத்தையே மாற்றிக் காட்டிவிடும். வாய்ப்புகளை உருவாக்கும் பழக்கம் வருடத்துக்கு வருடம் ஓரளவு நிலைத்து நிற்கிறது; வாய்ப்புகளைக் கோலாக்கும் வீதம் அவ்வளவாக நிலைப்பதில்லை. ஆகவே ஓர் அணி தனக்குக் கிடைத்த வாய்ப்புகளின் பெறுமதியை விட மிக அதிகமாகக் கோலடித்திருந்தால், அடுத்த பருவகாலத்தில் அந்த எண் இறங்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அப்படி இறங்கும்போது பயிற்றுநரைத் தூக்கில் போடவேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒன்று, எக்ஸ்.ஜி. கணக்கிடும் நிறுவனங்கள் பல; ஒவ்வொன்றின் சூத்திரமும் வேறு. சென்ற வருட எண்ணை ஓர் இடத்திலிருந்தும் இந்த வருட எண்ணை இன்னோர் இடத்திலிருந்தும் எடுத்தால், இறாத்தலையும் கிலோவையும் ஒரே தராசில் போட்ட கதையாகிவிடும். மற்றது, பெனால்டிகளைப் பிரித்து எழுதுங்கள். கோல் பால்மர் என்ற வீரர் 2023–24இல் செல்சிக்காக லீக்கில் அடித்த 22 கோல்களில் 9 பெனால்டிகள். புரூனோ பெர்னாண்டஸ் 2020–21இல் மன்செஸ்டர் யுனைடட்டுக்காக அடித்த 18இல் 9 பெனால்டிகள். 2004–05இல் கிறிஸ்டல் பலஸின் அன்டி ஜோன்சன் அடித்த 21இல் 11 பெனால்டிகள். இவர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். பெனால்டியைக் கோலாக்குவதும் ஒரு திறமைதான். ஆனால் ஒரு பருவகாலத்தில் எத்தனை பெனால்டிகள் கிடைக்கும் என்பது அணியின் கையில் முழுவதுமாக இல்லை. அடுத்த வருடமும் அதே எண்ணிக்கை கிடைக்கும் என்று எண்ணி ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

கேள்வி: செல்சி 2009–10இல் 103 கோல்கள், அடுத்த பருவகாலத்தில் 69. இப்படிப்பட்ட வீழ்ச்சி உண்மையானதா, அல்லது அதுவும் கணக்கின் மாயமா? (கிருலப்பனை வாசகர்)

பதில்: உண்மையானது. ஆனால் 34 கோல் அளவுக்கு அல்ல.

அந்த 103இல் நான்கு போட்டிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: சண்டர்லண்டுக்கு எதிராக 7–2, அஸ்டன் விலாவுக்கு எதிராக 7–1, ஸ்டோக் சிட்டிக்கு எதிராக 7–0, கடைசி நாளில் விகனுக்கு எதிராக 8–0. நான்கு பிற்பகல்களில் 29 கோல்கள். ஐந்தாவது கோலுக்குப் பிறகு விழுவதெல்லாம் இரசிகருக்கு விருந்து. புள்ளிப்பட்டியலுக்கு அது கோல் வித்தியாசம் மட்டுமே. மிகுதி 34 போட்டிகளில் 74 கோல்கள், அதாவது போட்டிக்கு 2.18. அடுத்த பருவகாலத்தை செல்சி எப்படித் தொடங்கியது தெரியுமா? வெஸ்ட் புரோம்விச்சுக்கு எதிராக 6–0, அடுத்த வாரம் விகனுக்கு எதிராக 6–0. இரண்டு போட்டிகளில் 12 கோல்களைக் கண்டதும், சென்ற வருடச் சாதனை தூள் தூளாகப் போகிறது என்று கொழும்பில் தேநீர்க்கடைதோறும் பேசினார்கள். நானும் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிகுதி 36 போட்டிகளில் விழுந்தவை 57. போட்டிக்கு 1.58.

பெரிய வெற்றிகளை இரு பக்கமும் நீக்கிப் பார்த்தாலும் 2.18இலிருந்து 1.58க்கு வீழ்ச்சி இருக்கிறது என்பதால்தான் அதை உண்மையானது என்றேன். முன்கள வீரர் ட்ரொக்பா அந்த இலையுதிர்காலத்தில் மலேரியாவோடு ஆடிக்கொண்டிருந்தார். மத்தியகள வீரர் லம்பார்ட் காயத்தால் மாதக்கணக்கில் ஆடவில்லை. முதலாமவர் 29இலிருந்து 11 ஆகவும், இரண்டாமவர் 22இலிருந்து 10 ஆகவும் இறங்கினார்கள். அணி இழந்த 34இல் 30 இந்த இருவருடையவை.

பருவகாலத் தொடக்கத்தில் ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு இங்கேயே ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சென்ற வருடத்தின் முதற் பத்துப் போட்டிகளோடு இந்த வருடத்தின் முதற் பத்துப் போட்டிகளை ஒப்பிடாதீர்கள். அட்டவணை வேறு, எதிரணிகள் வேறு. இந்த வருடம் ஆடி முடித்த அதே போட்டிகள், அதே எதிரணி, அதே மைதானம், சென்ற வருடம் என்ன முடிவைத் தந்தன என்று தேடி எடுத்து அவற்றோடு ஒப்பிடுங்கள். வருடத்துக்கு மூன்று அணிகள்தான் கீழே போய் மூன்று மேலே வருகின்றன. ஆகவே 38இல் 32 போட்டிகளுக்கு நேரான சோடி கிடைக்கும். எஞ்சிய ஆறுக்கு, கீழே போன அணியின் இடத்தில் மேலே வந்த அணியை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் எங்கள் பகுதிக் கழகம் ஒன்றின் செயலாளர். எங்கள் இளையோர் அணி சென்ற வருடம் 9 போட்டிகளில் 26 கோல்கள் அடித்தது. அவற்றுள் ஒரு போட்டியில் 9–0 என்று வென்றோம். இன்னொன்றில் எதிரணி வராததால் வோக் ஓவர் கிடைத்து 3–0 என்று பதிவானது. இந்த வருடம் மேற்பிரிவுக்கு ஏறியிருக்கிறோம். 12 போட்டிகளில் 23 கோல்கள். ஆகக் கூடியது 4. மைதானம் கிடைக்கும் நேரம் குறைந்ததால் ஒவ்வொரு பாதியும் 35 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகிவிட்டது. முன்கள ஆட்டம் சரிந்துவிட்டது, பயிற்றுநரை மாற்றவேண்டும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். வாக்கெடுப்பு நெருங்குகிறது. (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: மேலே எழுதிய எல்லாவற்றையும் விட உங்கள் கடிதம்தான் என்னை அதிக நேரம் மேசையில் இருத்திவைத்தது. ஏனென்றால் லிவர்பூலின் கணக்கை நாம் பிழையாகப் போட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. உங்கள் குழு பிழையாகப் போட்டால் ஒரு மனிதர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும்.

குழுவினர் 26ஐ 9ஆல் வகுத்து 2.89 என்றும், 23ஐ 12ஆல் வகுத்து 1.92 என்றும் கண்டிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி, பயப்படத்தான் செய்யும். ஆனால் வோக் ஓவரில் கிடைத்த 3 கோல்களை யார் அடித்தார்? ஒருவரும் அடிக்கவில்லை. வராத அணிக்கு எதிராக 3–0 என்று எழுதுவது விதி. புள்ளிப்பட்டியலில் அது இருக்கட்டும், முன்கள ஆட்டத்தின் கணக்கில் அது வரக்கூடாது. ஆகவே சென்ற வருடம் நீங்கள் ஆடியது 8 போட்டிகள், அடித்தது 23. இந்த வருடமும் 23தான் என்பதைக் குழுவில் எவரும் கவனித்தார்களா?

அடுத்தது 9–0. அதை அழித்துவிடச் சொல்லவில்லை. பையன்கள் உழைத்து அடித்த கோல்கள். ஆனால் அதோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் கணக்குப் பார்க்கவேண்டும். அதேபோல இந்த வருடத்தின் மிகப் பெரிய வெற்றியையும் நீக்கவேண்டும், இல்லாவிட்டால் அது நியாயமாகாது. சென்ற வருடம் எஞ்சுவது 7 போட்டிகள், 14 கோல்கள். இந்த வருடம் 11 போட்டிகள், 19 கோல்கள். இனி நேரத்தைச் சேருங்கள். சென்ற வருடம் 70 நிமிடப் போட்டிகள் ஏழு, 490 நிமிடங்கள்: சரியாக 35 நிமிடத்துக்கு ஒரு கோல். இந்த வருடம் 60 நிமிடப் போட்டிகள் பதினொன்று, 660 நிமிடங்கள்: 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஒரு கோல். மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி எங்கே போனது என்று குழுவிடம் கேட்டுப்பாருங்கள்.

அதுவும் மேற்பிரிவில். பிரிவு மாறுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நோர்விச் சிட்டி 2020–21இல் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் 46 போட்டிகளில் 75 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றது. அடுத்த வருடம் பிரீமியர் லீக்கில் 38 போட்டிகளில் அடித்தது 23 கோல்கள், கடைசி இடம். டீமு புக்கி என்ற அதே முன்கள வீரர் 26இலிருந்து 11க்கு இறங்கினார். ஒரே வருடத்தில் புக்கி உதைக்க மறந்துவிட்டார் என்று எவரும் சொல்லவில்லை. உங்கள் பையன்கள் ஒரு படி ஏறியும் அதே வேகத்தில் கோலடிக்கிறார்கள் என்றால், என் எண்ணத்தில் அது பயிற்றுநருக்குச் சாதகமான சாட்சியம்.

ஆயினும் நானும் ஒரு கடிவாளம் போட்டுக்கொள்ளவேண்டும். 14 கோல், 19 கோல் என்பவை சின்ன எண்கள். மழை பெய்து சேறான மைதானத்தில் நின்றுபோன இரண்டு பந்துகள், ஒரு நடுவரின் ஓஃப்சைட் கொடி, இவ்வளவும் போதும் இந்த முடிவைப் புரட்டிவிட. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பு மைதானங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அத்தோடு இளையோர் அணி என்பதால் வயது எல்லையைத் தாண்டிய பையன்கள் சிலர் போய்ப் புதியவர்கள் வந்திருப்பார்கள். சீருடை ஒன்றாக இருந்தாலும் நாம் ஒப்பிடுவது முழுவதும் ஒரே அணியை அல்ல. இரு வருடங்களும் ஆடிய பையன்களின் பெயர்களைத் தனியாக எழுதி, அவர்களுடைய நிமிடங்களையும் கோல்களையும் மட்டும் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். முன்களம் வளர்ந்திருக்கிறது என்று துணிந்து சொல்ல இந்த எண்கள் போதா. சரிந்துவிட்டது என்று சொல்லவும் போதா. குழு இரண்டாவதைத்தானே சொல்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல உங்களுக்கு இது போதும்.

இனிமேலாவது கோல்களை மட்டும் எழுதிவைக்காதீர்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, போட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மைதானத்தின் எதிரணிப் பாதியைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கோலை நோக்கி உதைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளடி. கோலானால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் நிமிடமும், அந்த நேரத்தில் யார் முன்னிலையில் இருந்தார்கள் என்பதும். மூலை உதையிலிருந்து வந்ததா, ப்ரீ கிக்கா, பெனால்டியா, ஓடும் ஆட்டத்தில் வந்ததா என்பதற்கு ஒவ்வோர் எழுத்து. முன்னிலையில் இருக்கும் அணி பின்னுக்கு வந்து காப்பதால் உதைகள் தானாகவே குறையும். யார் முன்னிலை என்ற குறிப்பு இல்லாவிட்டால், வெற்றி பெற்றுக்கொண்டிருந்த நாட்களெல்லாம் முன்களம் சோம்பியிருந்த நாட்களாகத் தெரியும். ஆடாமல் வெளியே இருத்தப்பட்ட ஒரு பையனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நன்றாகச் செய்வான். அவர்கள்தான் ஆட்டத்தை மிகக் கவனமாகப் பார்க்கிறவர்கள்.

எஞ்சியிருக்கும் போட்டிகளிலேயே இதைத் தொடங்கிவிடலாம். சென்ற வருடத்துக்குரிய பக்கங்களை ஞாபகத்திலிருந்து நிரப்ப முயலவேண்டாம். 9–0 போட்டியின் புள்ளடிகள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 0–0 போட்டியினுடையவை ஒருவருக்கும் இருக்காது.